மட்டாஞ்சேரியில் ஓடு பார்க்கப் போய்ப் பித்தளையில் மயங்கிய கதை

ஃபோர்ட் கொச்சியில் படகிறங்கியதும் குறைந்த தொகைக்கு எல்லா இடங்களையும் காட்டுவதாக இனிக்க இனிக்கப் பேசி ஏற்றிக்கொண்ட ஆட்டோ ஓட்டுநர், யூதர்களின் வழிபாட்டிடமான மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்திற்குச் செல்லும் வழியில் மூன்று கைவினைக் கடைகளில் வண்டியை நிறுத்தி, நான் எதையும் வாங்கவில்லை என்று தெரிந்ததும் பேசியதைப்போல் இரண்டு மடங்கு கேட்டார். தரகுக்காகவே ஓடும் அந்த வண்டிகளில் ஏறாமல் பேருந்திலோ நடந்தோ செல்வதே பணத்திற்கும் மனத்திற்கும் நல்லது.

ஆலயத்துக்குள் நுழைந்ததும் அந்த எரிச்சல் மறைந்துவிட்டது. 1568இல் கட்டப்பட்ட இந்தப் பரதேசி (அதாவது, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின்) ஜெப ஆலயத்திற்கு வருபவர்கள் பெரும்பாலும் குனிந்த தலை நிமிராமல், 1762இல் சீனாவின் கேன்டனிலிருந்து வந்த நீலவண்ணத் தரை ஓடுகளையே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஓடுகள் அழகுதான், ஆனால் கூடத்தின் நடுவே தேபா எனப்படும் வாசிப்பு மேடையைச் சுற்றி நிற்கும் பித்தளைக் கிராதியின் முன்னால் அவை எனக்கு இரண்டாம்பட்சமாகவே தோன்றின. கடைந்தெடுத்த குத்துவிளக்குத் தண்டைப் போலக் குமிழும் இடுப்புமாக வரிசைகட்டி நிற்கும் அந்தச் சிறு தூண்களின் பளபளப்பில் கூரையிலிருந்து தொங்கும் விளக்குகள் அத்தனையும் தெரிகின்றன. யூத வழிபாட்டில் உருவங்களுக்கு இடமில்லை என்பதால், கைவினைஞரின் திறமை முழுவதும் வளைவிலும் கொடியிலும் மெருகிலுமே வெளிப்பட வேண்டியிருக்கிறது. தலையை நிமிர்த்தினால் மாடத்தில் இன்னொரு தேபா தெரியும். ஒரே ஆலயத்தில் இரண்டு வாசிப்பு மேடைகள் அமைப்பது கேரள யூதர்களுக்கே உரிய வழக்கம்.

எனக்குக் கிடைத்த பெரிய ஏமாற்றம், யூத மறையான தோராவின் சுருள்கள் இருக்கும் பேழையின் கதவு மூடியிருந்ததுதான். ஐரோப்பிய யூதர்கள் சுருளைத் துணி உறையில் போர்த்துவார்கள். கொச்சியில் பாக்தாத் யூதர்களைப் போல உருண்டையான மரக்கூட்டில் வைத்து, அதன்மேல் வெள்ளி அல்லது செப்புத் தகடு போர்த்தி, பின்புறமிருந்து தட்டி எழுப்பிய பூவேலை செய்து, உச்சியில் மகுடம் சூட்டுவது வழக்கமாக இருந்தது. கூடு இரண்டு கதவுகளாகத் திறக்க, சுருளை நிமிர்த்தி நிறுத்தியபடியே வாசித்தார்கள். தோரா வாசிப்பின் ஆண்டுச் சுற்று நிறைவைக் கொண்டாடும் சிம்ஹத் தோரா விழாவின்போது இவற்றை மகுடங்களோடு அலங்கரித்து வைப்பார்களாம்.

இந்தச் சமூகத்தின் மிகப் பழைய உலோக உடைமையில் அலங்காரம் எதுவுமே இல்லை. கி.பி. 1000ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவி, யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய செப்பேடு அது. வட்டெழுத்தில் வெட்டப்பட்ட அதன் வாசகத்தில் பகல்விளக்கு, பாவாடை (நடக்கும் வழியில் விரிக்கும் துணி), குடை, தோரணம் என்று வரும் உரிமைப் பட்டியலை இன்றைய தமிழ் வாசகரும் பெருமளவு புரிந்துகொள்ள முடியும்.

நுழைவுக் கட்டணம் ஒரு தேநீர்ச் செலவைத் தாண்டாது; காலணிகளை வெளியே கழற்ற வேண்டும்; சனிக்கிழமைகளிலும் யூதத் திருநாட்களிலும் ஆலயம் மூடியிருக்கும், வெள்ளிக்கிழமை என்றால் காலையிலேயே சென்றுவிட வேண்டும். ஆலயத்தையொட்டிய தெருவில் 'பழைய யூதப் பித்தளை' என்று விற்பவற்றை விலை கேட்காமலே கடந்துவிடுங்கள். நான் பார்த்தவற்றில் பல, புதிய வார்ப்பின்மீது பச்சைக் களிம்பு ஏற்றியவை. அந்தப் பணம் கையில் இருந்தால் பறவூருக்கும் சேந்தமங்கலத்துக்கும் பேருந்தில் போய், அருங்காட்சியகங்களாகிவிட்ட அங்குள்ள ஜெப ஆலயங்களையும் பார்த்துவிட்டு, வயிறாரச் சாப்பிட்டும் வரலாம்.