கடைசிச் சொல் வரைக்கும் கேட்கணும்

நாடகத் துறையில் இரண்டாம் ஆண்டு படித்தபோது மைதானத்தில் மைக் இல்லாமல் ஒரு நாடகம் போட்டோம். ஒத்திகை எல்லாம் அறைக்குள்ளேதான். நாலு சுவருக்குள் பேசினால் குரல் திரும்பி வந்து நம் காதிலேயே விழும், அதை நம்பி இருந்துவிட்டோம். வெளியே வந்த அன்றுதான் தெரிந்தது, அங்கே பேசின பேச்சு போனது போனதுதான்.

சார் அறுபது அடி தள்ளி நின்று கையைத் தூக்கிக்கொண்டார். கேட்காமல் போகிற இடத்தில் கையை இறக்குவார். ஒவ்வொரு வரியிலும் கை கடைசியில்தான் இறங்கியது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது, நமக்கு மூச்சு தீர்வதும் அங்கேதான். 'அவனை மன்னிக்க மாட்டேன்' என்பதில் 'மன்னிக்க' வரைக்கும்தான் போய்ச் சேர்கிறது என்றால் கதையே மாறிவிடாதா? கத்திப் பார்த்தோம், இரண்டு பேருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அப்புறம் நீள வசனங்களை வெட்டி, மூச்சு எடுக்கும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டு, கடைசிச் சொல்லுக்கென்று மூச்சை மிச்சம் வைத்துப் பேசப் பழகினோம். ஒரு வாரம் பிடித்தது.

அனுமதிக் கடிதம் சிக்கலில்லாமல் கிடைத்தது. இடமும் நேரமும்தான் பாடாய்ப் படுத்தின. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும், அதனால் பத்து வரிசையை ஐந்தாக்கி அரைவட்டமாக உட்கார வைத்தோம். மதியத்தில் தரையை ஒட்டிய காற்று சூடாகி ஒலியை மேல்நோக்கி வளைத்துவிடும் என்று சார் சொன்னதால் மூன்று மணி ஆட்டத்தை ஐந்தரைக்குத் தள்ளினோம். வெயில் பார்வையாளர்களின் முதுகில், எங்கள் முகத்தில். கண் கூசியது, ஆனால் அதைவிட நல்ல விளக்கு கிடைக்காது. துணிப் பின்னணி காற்றில் படபடத்து வசனத்தை விழுங்கியதால் அதையும் கழற்றிவிட்டோம்.

ஆட்டத்தன்று, சரியாக உச்சக்காட்சியில், மேலே ஒரு விமானம். சத்தத்தோடு போட்டி போடக்கூடாது, அப்படியே உறைந்து நிற்கணும் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். தாயாக நடித்த தோழி தூக்கிய கையோடு அசையாமல் நின்றாள். சத்தம் ஓய்ந்ததும் அதே வரியை முதலிலிருந்து எடுத்தாள். அதற்குள் கடைசி வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வந்து எங்கள் காலடியில் உட்கார்ந்திருந்தார்கள்.