தம்பியின் அட்டை

கோத்தகிரியிலிருந்து ஊட்டி 30 கிலோமீட்டர்தான். மூளை முடக்குவாதம் உள்ள தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் போய்ப் பார்த்தால்தான் தெரியும், அது எவ்வளவு தூரமென்று.

அவனுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கத்தான் போனோம். முதல் இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பினோம். ஒருமுறை டாக்டர் லீவு. இன்னொரு முறை ஆதாரில் 'கு'வுக்குப் பதில் 'கூ'.

மூன்றாவது முறை பெஞ்சில் பக்கத்தில் இருந்த குன்னூர் அம்மாதான் வழி சொன்னார். "முதல்ல யுடிஐடி அட்டைக்குப் போடும்மா. அது வந்தாத்தான் மத்ததெல்லாம்." யுடிஐடி என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை. அவர் சொன்னது உண்மைதான். 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. சலுகைகள் பெரும்பாலும் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான். தம்பிக்கு 80 என்று எழுதினார்கள். அந்த எண்ணைப் பார்த்து அம்மா அழுதாள், நான் நிம்மதியானேன். வெட்கமாகத்தான் இருந்தது.

இப்போது மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. டயப்பருக்கும் மாத்திரைக்கும் பத்தாது. ஆனாலும் அவன் பெயரில் வரும் பணம்.

எனக்குப் பெரிதாகப்பட்டது வேறொன்று. தம்பிக்கு 18 முடிந்ததும் அம்மாவின் கையெழுத்து அவனுக்குச் செல்லவில்லை. 1999-ம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுத்துச் சட்டப்பூர்வக் காப்பாளராக வேண்டுமாம். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். இதையும் பெஞ்சில்தான் கேட்டேன், கவுண்டரில் இல்லை.

திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். காப்பாளர் இடத்தில் அம்மா பெயருக்குக் கீழே என் பெயரையும் சேர்த்திருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.