சுருள்பாசி நீலம்: ஐந்தாவது தடவைதான் வந்தது

வந்துவிட்டது. சுருள்பாசியிலிருந்து (ஸ்பைருலினா) பச்சை கலக்காத நீலம். டம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சொட்டு நீலம் கலந்த தண்ணீர்; வெயில் முதுகுப்பக்கம் இருக்கும்படி திரும்பி நின்றால் அதே தண்ணீர் செக்கச்செவேலென்று மினுங்குகிறது. இந்தப் பாசியின் நீல நிறமியான பைக்கோசயனின் அப்படித்தான், வாங்கிய ஒளியைச் சிவப்பாகத் திருப்பித் தரும். தெரிந்த விஷயம்தான், ஆனாலும் டம்ளரும் கையுமாக ரொம்ப நேரம் நின்றிருந்தேன்.

முதல் தடவை வெயிலில் காயவைத்த பொடி. பாதி நிறம் மொட்டைமாடியிலேயே போய்விட்டது. அடுத்த இரண்டு தடவையும் மிக்ஸி. அந்தத் தப்பை யாரும் செய்யாதீர்கள். பச்சையம் தண்ணீரில் கரையாது. செல் சவ்வோடு ஒட்டி அடியில் தங்கிவிடும். மிக்ஸி அந்தச் சவ்வையே துகளாக்கி மிதக்க விட்டுவிடுகிறது. அப்புறம் வேட்டித் துணியை நாலாக மடித்து வடித்தாலும் பச்சைதான். நான்காவது தடவை ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. காலையில் ஃப்ரீசரைத் திறந்ததும் அடித்த நாற்றத்துக்கு வீட்டில் இன்னும் திட்டு விழுகிறது.

இந்தத் தடவை மிக்ஸி பக்கமே போகவில்லை. வளர்ப்புத் தண்ணீரின் சோடா போக அலசிப் பிழிந்த ஈரப் பாசி விழுது 100 கிராம், தண்ணீர் 200 மி.லி. இரவு ஃப்ரீசரில், பகல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில். இப்படி மூன்று சுற்று. செல்லைப் பனிக்கட்டியே கிழித்துவிடுகிறது. உருகுவதற்கு வெளியே வைத்தால் நம்ம ஊர் சூட்டில் கெட்டுவிடும். கடைசியில் ஒரு ராத்திரி அசைக்காமல் விட்டு, தெளிந்ததை மட்டும் ஊசியில்லாத சிரிஞ்சால் மேலிருந்து உறிஞ்சினேன். வடிதாள் அடைத்துக்கொள்ளும், வேண்டாம்.

பாசியை வடித்தெடுக்கும் அறுவடை வலை ஸ்கிரீன் பிரின்டிங் சாமான் கடையில் வாங்கியது. பாசி வளர்ப்புக்கென்று விற்பதைவிட மலிவு. வளர்ப்பைத் தொடங்கக் கூரியரில் வரவழைத்த தாய்க் கரைசலைப் (உயிருள்ள பாசித் தண்ணீர்) பற்றிப் பேச வேண்டாம், மஞ்சளாகத்தான் வந்தது.

சரி, நீலத்தை எதில் போடுவது? எலுமிச்சை ஜூஸில் திரிந்து திட்டுத்திட்டானது. கொதிக்கும் பாயசத்தில் சாம்பல் நிறம். தேங்காய்ப்பால் கடல்பாசியில் (அகர் அகர்) மட்டும் நின்றது, அதுவும் மயிரிழையில்: 60 டிகிரியைத் தாண்டினால் நீலம் போய்விடும், 40-க்கு வந்தால் கடல்பாசி உறையத் தொடங்கிவிடும். 45-இல் ஊற்றி ஒரே கலக்கு. பாதிக் கிண்ணங்களில் வரி வரியாக உறைந்துவிட்டது.

அடுத்து ஊதா நிற பாக்டீரியாவில் பட்டுத்துணிச் சாயம். அது 25 டிகிரி கேட்கிறது. பழைய ஒயின் கூலர் ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கிறேன். மீதி நீலம் இரண்டு பாட்டில், காகிதம் சுற்றி ஃப்ரிட்ஜில் இருக்கிறது.