பலூன் ஏன் சார் பறக்கல?

போன வாரம் எட்டாம் கிளாஸ் பசங்களோட டிஷ்யூ பேப்பர்ல ஹாட் ஏர் பலூன் செஞ்சோம், முதல் நாள் படு ஃப்ளாப். எட்டு இதழ் வெட்டி ஓரத்த ஒட்டி, வாயில மெல்லிசா ஒரு கம்பி வளையம் வச்சு, ஹேர் ட்ரையர போட்டா நல்லா உப்புச்சு, ஆனா கைய எடுத்ததும் தொப்புன்னு கீழ. மெழுகுவத்தி வைக்கலாம்னு ஒருத்தன் சொன்னான், தீ பக்கமே போகக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டேன்.

இன்னொருத்தி, "புகை விட்டா மேல போகும்ல சார்?"னா. 1783ல பிரான்ஸ்ல மான்ட்கோல்ஃபியே அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அப்படித்தான் நெனச்சாங்க, புகைலதான் விஷயம் இருக்குன்னு வைக்கோலும் கம்பளியும் போட்டு எரிச்சாங்க, அவங்களே பேப்பர் ஆலை குடும்பம் வேற. தூக்குறது புகை இல்ல, சூடான காத்து விரிஞ்சு லேசாகுறதுதான்.

சரி ஏன் பறக்கலன்னு போர்ட்ல கணக்கு போட்டோம். எங்க பலூன் குறுக்க அரை மீட்டர், உள்ள 65 லிட்டர் காத்து. வெளிய 30 டிகிரி, உள்ள 70ன்னு வச்சாலும் தூக்குற சக்தி வெறும் 9 கிராம் தான், பேப்பரே 14 கிராம்! அளவ டபுளாக்கி ஒரு மீட்டர் ஆக்குனா பேப்பர் நாலு மடங்கு, காத்து எட்டு மடங்கு, அதாவது 71 கிராம் தூக்கும், பேப்பர் 57 கிராம். பசை, கம்பி எல்லாம் சேர்த்தா மயிரிழைல தப்பும். அப்போ ஒரு பையன் "காலைல குளிரா இருக்கும்போது விட்டா சார்?"னு கேட்டான் பாருங்க, அத நான் யோசிக்கவே இல்ல (வெளிய சொல்லல). வெளிய 22 டிகிரின்னா 87 கிராம் வருது.

ரெண்டு நாள் ஒட்டுனோம், ஒட்டுன இடத்துல ஓட்ட இருக்கான்னு வெளிச்சத்துல புடிச்சு பாத்தே பாதி நேரம் போச்சு, பசைய அள்ளி பூசினவங்கள எல்லாம் கிராம் கணக்கு சொல்லி மத்த பசங்களே திட்டுனாங்க.

காலைல காத்தே அடிக்கல, நூல் கட்டி விட்டோம். முதல்ல ஆடுச்சு, அப்புறம் மெதுவா எங்க தலைக்கு மேல, நூல் முழுசும் போயிடுச்சு. அரை நிமிஷம் கூட இருக்காது, ஆறிப்போய் சாஞ்சு இறங்கிடுச்சு, ஓடிப்போய் புடிச்சதுல ஒரு இதழ் கிழிஞ்சு போச்சு, கிழிச்சவனே "ஒன்றரை மீட்டர் செய்வோமா சார்?"ங்குறான்.