வஞ்சிரத்தின் வயிற்றில் மூன்று நெத்திலி

சேலத்துக்காரியான எனக்கு மீன் என்றால் மேட்டூர் அணை மீன்தான். கடல் மீன் கல்யாணத்துக்கு அப்புறம் தொற்றிய பழக்கம். போன ஞாயிறு அம்மாப்பேட்டைப் பக்கம் 2 கிலோவில் முழு வஞ்சிரம் ஒன்று வாங்கினேன். கடைக்காரத் தம்பி வயிற்றைக் கீறியதும் மூன்று நெத்திலி வழுக்கி விழுந்தன. ஒன்றில் அந்த வெள்ளிக்கோடுகூட அழியவில்லை.

"சாப்பிட்ட கையோட மாட்டிக்கிச்சுங்க அக்கா."

உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினால், தின்ற உணவின் சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மேலே போய்ச் சேரும். இந்த 2 கிலோவுக்குச் சுமார் 20 கிலோ சிறுமீன், அதற்கு 200 கிலோ மிதக்கும் நுண்விலங்குகள், அதற்கு 2,000 கிலோ நுண்பாசி! தோராயக் கணக்குதான். ஆனாலும் விலை கேட்டு நான் முகம் சுளித்தது கொஞ்சம் அதிகம்.

வஞ்சிரம் முட்டையிலிருந்து வெளிவந்த கொஞ்ச நாளிலேயே மற்ற மீன்குஞ்சுகளைத் தின்னத் தொடங்கிவிடும். அப்புறம் மத்தி, நெத்திலி, கணவாய் என்று கூட்டம் கூட்டமாக விரட்டும். குஞ்சாக இருக்கும் வயதில் அதுவும் பெரிய மீன்களுக்கு இரைதான்.

தம்பி அந்த மூன்று நெத்திலியையும் வாசலில் காத்திருந்த பூனைக்கு வீசினான்.