மெரினா உலகத்துலயே ரெண்டாவது பெரிய பீச்சாம்ல

என் பையன் ஏழாவது படிக்கறான். போன வாரம் ஸ்கூல்ல ஜிகே க்விஸ். ஒரு மாசமா வீட்ல இதே ரோதனை தான், சோறு தின்னும்போதும் கேள்வி, தூங்கும்போதும் கேள்வி, நான் பஸ்ல வரும்போது போன் பண்ணி "அம்மா மங்கோலியா தலைநகரம் இன்னா"ங்கறான், நான் பாரிமுனைல கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ்ல வேல பாக்கறேன், எனக்கு கண்டெய்னர் நம்பர் தெரியும், மங்கோலியா எனக்கெதுக்கு.

க்விஸ் அன்னிக்கு சாயங்காலம் மூஞ்சிய உம்முனு வச்சிகினு வந்தான். இன்னாடா ஆச்சுனா, கடைசி ரவுண்டு வரைக்கும் இவங்க டீம் தான் லீடிங்காம், அப்போ கேட்டாங்களாம் "உலகத்தின் இரண்டாவது நீளமான கடற்கரை எது?"னு. பக்கத்து டீம் பொண்ணு "மெரினா"ன்னுச்சாம், எல்லாரும் கை தட்டிட்டாங்களாம். இவன் கைய தூக்கி "மிஸ் அது தப்பு, மெரினா 6 கிலோமீட்டர் தான்"னு சொல்லிருக்கான். "புக்குல இருக்கு, உக்காரு"ன்னு சொல்லிட்டாங்களாம். குறுக்க பேசுனதுக்கு மைனஸ் அஞ்சு வேற. ரெண்டு பாயிண்ட்ல தோத்துட்டாங்க.

நான் அந்த புக்க எடுத்து பாத்தேன். நெஜமாவே அச்சடிச்சி வச்சிருக்கான். எனக்கும் அப்படித்தான் சொல்லி குடுத்தாங்க, நானும் ஸ்கூல்ல எழுதி மார்க் வாங்கிருக்கேன், மெட்ராஸ்ல பொறந்த யார கேட்டாலும் தூக்கத்துல கூட இத்த சொல்லுவாங்க. ஆனா கொஞ்சம் யோசிச்சா போதும், கோட்டைக்கிட்ட ஆரம்பிச்சி பட்டினப்பாக்கம் பக்கம் போனா முடிஞ்சி போச்சு, 6 கிலோமீட்டர். காலைல வாக்கிங் போறவங்க நடந்தே முடிச்சிடறாங்க. பங்களாதேஷ்ல காக்ஸ் பஜார்னு ஒண்ணு இருக்கு, 120 கிலோமீட்டர் ஒரே மணல். பிரேசில் தெற்கால காசினோனு ஒரு பீச், 200 கிலோமீட்டருக்கு மேலனு கணக்கு சொல்றாங்க. ஆஸ்திரேலியால ஒரு பீச்சுக்கு பேரே 'தொண்ணூறு மைல் பீச்'. இதுங்க நடுவுல நம்ம மெரினா எப்படி ரெண்டாவதா வரும்? இந்தியால ஒரு பெரிய சிட்டிக்குள்ள இருக்கற பீச்ல நீளமானதுனு சொன்னா ஒத்துக்கலாம், அந்த பெருமையே போதும்.

அப்புறம் அந்த புக்க வச்சிகினு நானும் அவனும் உக்காந்து எங்கெல்லாம் உடான்ஸ் இருக்குனு தேட ஆரம்பிச்சோம், செம ஜாலியா போச்சு. உலகின் மிகப்பெரிய பாலைவனம் சகாரானு போட்டிருக்கு. பாலைவனம்னா மணல் இல்ல, மழை கம்மியா பெய்யற எடம், அந்த கணக்குல பாத்தா அண்டார்டிகா தான் பெருசு, சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர், சகாரா 90 லட்சத்து சொச்சம் தான், 'வெப்ப பாலைவனம்'னு ஒரு வார்த்த சேத்திருந்தா கரெக்டா போயிருக்கும். நிலாலேருந்து பாத்தா தெரியற ஒரே கட்டடம் சீனப்பெருஞ்சுவர்னு இன்னொண்ணு. சீனாக்காரங்களோட மொத விண்வெளி வீரர் யாங் லிவெய் 2003-ல போய்ட்டு வந்து, அதுவும் நிலாக்கு இல்ல, பூமிய சுத்திட்டு வந்து, என் கண்ணுக்கு தெரியலனு அவரே சொல்லிட்டாரு. செவுரு நீளம் தான், ஆனா அகலம் நம்ம தெரு அகலம் கூட இருக்காது, மண்ணு கலர்லயே வேற இருக்கும். இந்தியாவோட தேசிய விளையாட்டு ஹாக்கினு போட்டிருந்துச்சு. அப்படி நாங்க எதையும் அறிவிக்கலனு 2012-ல தகவல் உரிமை சட்டத்துல கேட்டதுக்கு மத்திய அரசே பதில் குடுத்துச்சு. எனக்கே இது புதுசு.

இதெல்லாம் ஹால்ல நாங்க சத்தமா பேசிகினு இருக்கறத எங்க நைனா கேட்டுகினே இருந்தாரு. அவரு ஹார்பர்ல கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவரு, டிவி சவுண்ட கொறைக்காம ரெண்டு காதையும் இங்க வச்சிருப்பாரு. திடீர்னு, "இன்னாமே, மெரினா எத்தினி நீளம்னு கேக்கறானுங்களே, மெரினா எங்கேருந்து வந்துச்சுனு எவனாவது கேட்டானா? அது நம்ப மண்ணு மே. நம்ப கிட்டேருந்து புட்சிகினு போனது"ன்னாரு.

பையனுக்கு புரியல. எனக்கும் அரைகுறையா தான் தெரியும். நைனா ரெண்டு பேரையும் மொட்டைமாடிக்கு கூட்டிகினு போனாரு. பக்கத்து வீட்டுல கட்டட வேல நடக்குது, அவங்க எம்சாண்ட்ல ஒரு அன்னக்கூடை வாங்கி மாடில கொட்டி சரிவா பரப்புனாரு. பக்கெட் தண்ணிய எடுத்து ஒரு தட்டால தள்ளி தள்ளி அலை மாதிரி அடிச்சாரு, நேரா இல்ல, சைடுலேருந்து சாய்வா. "இப்போ பாரு, ஏறும்போது சாஞ்சி ஏறுது, எறங்கும்போது நேரா எறங்குது." நெஜம் தான், ஒவ்வொரு தபாவும் மணல் ஒரு விரக்கடை பக்கவாட்டுல நகந்துகினே போச்சு. அப்புறம் நடுவுல ஒரு செங்கல்ல நட்டு வச்சிட்டு திரும்ப அடிச்சாரு. பத்து நிமிஷம் ஆச்சு, முட்டி வலிக்குதுனு பொலம்பிகினே தான் பண்ணாரு, ஆனா அலை வர்ற பக்கம் செங்கல் மேல மணல் மேடு கட்டிடுச்சு, அந்தாண்ட பக்கம் அரிச்சி தரையே தெரிய ஆரம்பிச்சிடுச்சு.

"அந்த செங்கல்லு தான் ஹார்பரு. இந்தாண்ட மேடு மெரினா. அந்தாண்ட பள்ளம் நம்ப."

பையன் வாய பொளந்துட்டான்.

விஷயம் இது தான். மெட்ராஸ்க்கு இயற்கையா துறைமுகமே கிடையாது, கப்பல் எல்லாம் தூரத்துல கடல்லயே நங்கூரம் போட்டு நிக்கும், அங்கேருந்து ஆளையும் சரக்கையும் மசூலா படகுல தான் கரைக்கு கொண்டாருவாங்க. மசூலால ஆணியே கிடையாது, பலகைங்கள கயித்தால தெச்சி வச்சிருப்பாங்க, ஆணி அடிச்ச படகு நம்ம ஊரு அலைல ரெண்டு அடில ஒடஞ்சிடும், தெச்ச படகு வளைஞ்சி குடுக்கும். 1861-ல கடலுக்குள்ள ஒரு இரும்பு பாலம் மாதிரி கட்டி பாத்தாங்க, பத்தல. அப்புறம் 1870-கள்ல கடலுக்குள்ள ரெண்டு கை நீட்டுன மாதிரி கல்லு சுவர் கட்ட ஆரம்பிச்சாங்க, முடியற நேரத்துல 1881 நவம்பர்ல ஒரு புயல் வந்து வாரிகினு போய்டுச்சு, திரும்ப கட்டுனாங்க.

வருஷத்துல முக்காவாசி நாள் நம்ம கடல்ல அலை தெற்கு பக்கத்துலேருந்து சாய்வா வருது, வாடைக்காத்து அடிக்கற மூணு நாலு மாசம் மட்டும் திரும்பும். கூட்டி கழிச்சி பாத்தா மணல் வடக்கால தான் போய்கினே இருக்கு, காலங்காலமா போய்கினு இருந்துச்சு, திருவல்லிக்கேணி மணல் ராயபுரம் வரும், ராயபுரம் மணல் எண்ணூர் போகும். நடுவுல சுவர் கட்டுனதும் தெற்கால தேங்க ஆரம்பிச்சிடுச்சு. அதுக்கு முன்னாடி கோட்டை சுவர் கிட்டயே அலை அடிச்சுகினு இருந்த ஊரு இது, இப்போ பீச்சுக்கு போனா தண்ணிய தொடறதுக்குள்ள கால் வலிக்குது. கிராண்ட் டஃப்னு ஒரு கவர்னர் 1880-கள்ல அங்க நடைபாதை போட்டு 'மெரினா'னு பேரு வச்சாரு, இத்தாலி ஞாபகத்துல வச்ச பேராம். மணல் ஹார்பரயும் விடல, கிழக்கு பக்கமா இருந்த வாசலே தூந்து போவ ஆரம்பிச்சு, 1900-களோட ஆரம்பத்துல அத்த மூடிட்டு வடகிழக்கால வேற வாசல் தொறந்தாங்க.

ஹார்பருக்கு வடக்கால இருக்கற நம்ம பக்கம் வர வேண்டிய மணல் வரல, ஆனா கடல் எடுத்துகினு போறத மட்டும் நிறுத்தல. மாசம் சம்பளம் நின்னு போய் ஈஎம்ஐ மட்டும் கட் ஆவற மாதிரி. நைனா சின்ன பையனா இருந்தப்போ எண்ணூர் ரோட்டுக்கு அந்தாண்ட வலை காய வைக்கற அளவுக்கு மணல் இருந்துச்சாம், கபடி ஆடுவாங்களாம், பொங்கலுக்கு கட்டுமரம் எல்லாத்தையும் வரிசையா ஏத்தி வைப்பாங்களாம். இப்போ அங்க நின்னா கருங்கல்லு, அதுக்கு கீழ கடல். ஒரு எடத்துல கல்லு கொட்டுனா அங்க அரிப்பு நிக்கும், ஆனா அதுக்கு வடக்கால இருக்கற குப்பத்துக்கு போற மணலும் கொறைஞ்சிடும், அங்க போய் அரிக்கும், அங்கயும் கல்லு. அங்கங்க தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள்ள நீட்டி கட்டுன கல்லு தடுப்பு, போட்டதுல கொஞ்சம் மணல் ஒதுங்கிருக்கு, இல்லனு சொல்லல. ஆனா மெரினாவ பத்தி இத்தன கேள்வி கேக்கற புக்குல இதுக்கு ஒரு வரி இல்ல பாருங்க, எனக்கு அது தான் வயித்தெரிச்சல்.

ஞாயித்துக்கெழம காசிமேடு போனோம், மீன் வாங்க, பையனும் வந்தான். இப்போ அவனுக்கு எத்த பாத்தாலும் ஜிகே தான். வழக்கமா வெட்டி குடுக்கற அக்கா கத்தாழை மீன் தலைய அருவாமனைல ரெண்டா பொளந்துச்சு, உள்ளேருந்து வெள்ளையா, பட்டாணி சைஸ்ல, ஒரு பக்கம் வழவழனு, இன்னொரு பக்கம் மேடும் பள்ளமுமா ரெண்டு கல்லு எடுத்து அவன் கைல வச்சிது. "இந்தா கண்ணு, மீனு காது"ன்னுச்சு. அவன் நம்பல. எல்லா முள்ளு மீனுக்கும் தலைக்குள்ள இந்த கல்லு உண்டு, கத்தாழைக்கு கொஞ்சம் பெருசு. சத்தத்த உணர்றதுக்கும், தலை எந்த பக்கம் சாஞ்சிருக்குனு தெரிஞ்சிக்கறதுக்கும் அது தான். மீன் வளர வளர கல்லு மேல சுண்ணாம்பு படிஞ்சி வளையம் வளையமா வளரும், அத்த மெல்லிசா சீவி மைக்ராஸ்கோப்ல வச்சி மீன்வள ஆராய்ச்சிக்காரங்க வயச எண்ணுவாங்க, மரத்த வெட்டி எண்ற மாதிரியே. "அப்போ சுறாக்கு?"ன்னு கேட்டான். சுறாக்கும் திருக்கைக்கும் இந்த மாதிரி கல்லு கிடையாது, எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு, அதனால தான் சுறா புட்டு பண்ணும்போது முள்ளு பொறுக்கற வேல நமக்கு இல்ல. பக்கத்து கூடைல கடம்பா இருந்துச்சு, கணவாய்னு சொல்வாங்களே அது. அதுக்கு மூணு இதயம், ரத்தம் நீலம், நம்ம ரத்தத்துல இரும்பு இருக்கற எடத்துல அதுக்கு செம்பு இருக்குனு நான் சொன்னதும், அந்த அக்கா "இத்தினி வருசமா அறுக்கறேன், மூணு இருக்குதா"ன்னு ஒரு கடம்பாவ கீறியே பாத்துடுச்சு. கண்டுபுடிக்க முடியல, எல்லாம் கொழகொழனு இருந்துச்சு, பின்னாடி நின்ன ஆளு மட்டும் "யக்கா ஜிகே அப்புறம், மொதல்ல என் எறாவ குடு"ன்னு கத்திட்டாரு.

வீட்டுக்கு வந்து சாப்ட்டு முடிச்சி நைனா நல்ல மூடுல இருந்தாரு. அடுத்து எம்டன் கதை. 1914 செப்டம்பர் 22 ராத்திரி அந்த ஜெர்மன் கப்பல் வந்து ஹார்பர் பக்கம் இருந்த எண்ணெய் டேங்க்க சுட்டு கொளுத்திட்டு போனது, ஊரே மூட்ட முடிச்ச கட்டிகினு ஓடுனது, அதுலேருந்து தான் படா ஆளுங்கள எல்லாம் 'அவன் பெரிய எம்டன்'னு சொல்றது, ரெண்டு மாசம் கூட ஆவல, நவம்பர் 9-ம் தேதி கொக்கோஸ் தீவாண்ட ஆஸ்திரேலியா கப்பல் 'சிட்னி' அத்த அடிச்சி ஒழிச்சது, எல்லாம் கையும் காலும் ஆட்டி சொன்னாரு. அதெல்லாம் கரெக்ட். அதே ஜோர்ல, "இந்தியாவுலயே மொத ரயில்வே ஸ்டேஷன் எது தெரியுமா? நம்ப ராயபுரம்!"ன்னு தொடைய தட்டுனாரு.

பையன் புக்க எடுத்தான். நான் கண்ண காட்டுனேன், வேணாண்டானு. கேக்கலயே.

"இல்ல தாத்தா. 1853 ஏப்ரல் 16 மொத பாசஞ்சர் ரயிலு பம்பாய் போரிபந்தர்லேருந்து தானேக்கு போச்சு. ராயபுரம் 1856. வாலாஜா ரோடு வரைக்கும். தென்னிந்தியாவுல தான் மொதல்ல."

"போடா டேய், எங்கப்பன் சொன்னாரு."

"புக்குல இருக்கு தாத்தா."

"புக்கு தான் டூப்புனு நீ தானடா சொன்ன!"

நான் உள்ள பூந்து, நைனா, போரிபந்தர்ல அன்னிக்கு இருந்த கட்டடம் இப்போ இல்ல, ராயபுரம் கட்டடம் இன்னும் நிக்குது, இந்தியாவுல இன்னிக்கும் மிஞ்சியிருக்கற ஸ்டேஷன் கட்டடத்துல அது தான் ரொம்ப பழசு, அதுவும் பெருமை தானேனு சொன்னேன். காதுலயே வாங்கல. டிவி சவுண்ட ஏத்திட்டாரு. ரெண்டு நாள் பேரன்கிட்ட பேச்சு இல்ல, டீ வச்சி குடுத்தா கூட "அவன் இருக்கறானா"னு கேட்டுட்டு தான் வெளிய வந்தாரு.

நேத்து ராத்திரி பையன் ஹோம்வொர்க் பண்ணிகினு இருந்தான். அந்த ஜிகே புக்குல மெரினா வரிய பென்சிலால அடிச்சிட்டு பக்கத்துல '6 கிமீ, மணல் எங்களுது'ன்னு எழுதி வச்சிருக்கான். நைனா பின்னாடி வந்து நின்னு கண்ணாடிய தூக்கி படிச்சாரு. கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம், "அந்த ரயிலு பக்கத்துல 'பழைய கட்டடம்'னு எழுதிக்கோ"ன்னுட்டு படுக்க போய்ட்டாரு.