முதலில் சோலைப் பாருங்கள்

பழைய ஆண் காலணி ஒன்று அருங்காட்சியக மேசைக்கு வந்தால் எல்லோர் கண்ணும் மேல்தோலுக்கும் பக்கிளுக்கும்தான் போகும். கவிழ்த்துப் பார்ப்பதே நல்லது. மேல்பக்கம் அதை அணிந்தவன் காட்டிக்கொள்ள விரும்பியது. சோல் அவன் நடந்தது.

நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை போட்டு, விளக்கை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்தால் போதும், தேய்மானம் நிழலாக எழுந்துவரும். ஹீலில் எந்த ஓரம் கரைந்திருக்கிறது, உள்தோலில் கட்டைவிரல் எங்கே குழி போட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். தையல் துளைகள் இரண்டு வரிசையாக இருந்தால் சோல் மாற்றியிருக்கலாம். அதாவது, செலவு பார்த்து வாழ்ந்த மனிதன். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் இடது வலது பேதமில்லாத ஷூக்களே வழக்கம். அவற்றில் இரு ஓரமும் சமமாகத் தேய்ந்திருந்தால், கால் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார் என்று ஊகிக்கலாம்.

ஹீல் முதலில் ஆண்களுடையது என்பதை இன்று பலரும் நம்புவதில்லை. பாரசீகக் குதிரைவீரனின் கால் அங்கவடியிலிருந்து, அதாவது சேணத்தில் தொங்கும் கால்வளையத்திலிருந்து, நழுவாமல் பிடித்துக்கொள்ள உதவியது அது. ஐரோப்பாவுக்குப் போனதும் குதிரை மறைந்து அந்தஸ்து மிஞ்சியது. 1701இல் ஓவியர் ரிகோ வரைந்த படத்தில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி சிவப்பு ஹீலோடு நிற்கிறார். அப்படிப்பட்ட ஹீலின் அடி தேயாமல் இருந்தால், நடக்கத் தேவையில்லாத கால் அது.

மிடுக்குக்கு விலையும் உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கிடைத்த எலும்புக்கூடுகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள்: கூர்முனை ஷூ பரவிய 14, 15ஆம் நூற்றாண்டுக்காரர்களில் 27 சதவீதம் பேருக்குக் கால் கட்டைவிரல் கோணியிருந்தது, அதற்கு முந்தைய மூன்று நூற்றாண்டுகளில் 6 சதவீதம்தான்.

அதிகம் தவறு நடப்பது அளவில். மண்ணிலிருந்து எடுத்த தோல் காயும்போது சுருங்கும். அந்த நீளத்தை அப்படியே பாத அளவாக எழுதினால் வளர்ந்த ஆள் சிறுவனாகிவிடுவான். எண்ணெய் தடவிப் பளபளப்பாக்குவதும் கெடுதல்தான்: தூசி ஒட்டும், தோல் கறுக்கும். செம்பொடியாக உதிரும் தோலைத் தேய்க்கவே கூடாது. அமிலமற்ற தாளைத் தளர்வாக உள்ளே வைத்தால் வடிவம் நிற்கும். இறுக்கித் திணித்தால் தையல் பிரியும்.

காலணியின் விவரச் சீட்டில் ‘ஆண்’ என்று எழுதுமுன்னும் கை தயங்க வேண்டும். ஆர்மீனியாவில் 2008இல் கிடைத்த, சுமார் 5,500 ஆண்டுப் பழமையான ஷூ ஐரோப்பிய அளவில் 37. ஆணா பெண்ணா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கிடைத்த இடத்தை வைத்தும் முடிவுகட்ட முடியாது: பிரிட்டனின் விண்டோலாண்டா ரோமானியப் படைமுகாமில், வீரர்களின் ஆணியடித்த செருப்புகளோடு சேர்ந்து குழந்தைகளின் சின்னஞ்சிறு காலணிகளும் வெளிவந்தன.